பீடப் படத்தில் ஒரு புனிதரின் கதையைப் படிப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், ஸ்பெயின் நாட்டு வலென்சியாவிலிருந்து வந்த ஒரு பீடப் படம், அதாவது ஆலயப் பலிபீடத்துக்காகச் செய்த படம், இருக்கிறது. உயரம் 6.6 மீட்டர், அகலம் 5.5 மீட்டர். ஒரு மாடி வீட்டின் முகப்பையே சுவரில் சாய்த்து வைத்ததுபோல நிற்கும். 1400க்கும் 1425க்கும் இடையில் செய்தது. புனித ஜார்ஜின் கதை கட்டம் கட்டமாக, பின்னால் தங்கம் மின்ன, மேலிருந்து கீழ்வரை ஓடுகிறது. வருகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள், ஒரு போட்டோ எடுக்கிறார்கள், அடுத்த கூடத்துக்குப் போய்விடுகிறார்கள். குற்றம் சொல்லவில்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால் யாரும் அதைத்தான் செய்வார்கள்.

இப்படிப்பட்ட படம் முன்னால் வந்தால் என்ன வரிசையில், எதைப் பார்ப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. வலென்சியாவின் ஜார்ஜைப் பிரதான உதாரணமாக வைத்துக்கொண்டு, இத்தாலி, நார்வே, எஸ்தோனியா என்று தேவைப்படும் இடத்துக்குப் போய் வருவோம். நேரில் போக முடியாதவர்கள் கவலைப்பட வேண்டாம். பெரிய அருங்காட்சியகங்களின் இணையதளங்களில் நல்ல பெரிய படங்கள் கிடைக்கின்றன. நேரில் போகிறவர்கள் ஒரு சின்ன பைனாகுலர் கொண்டுபோங்கள். ஆறு மீட்டர் உயரத்தில் இருக்கும் கட்டம் வெறுங்கண்ணுக்கு நிறத் திட்டாகத்தான் தெரியும்.

முதல் படி: போவதற்கு முன் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தவிர்த்துவிட்டு மேலே போகவே முடியாது. இந்தப் படங்களை வரைந்த காலத்தில், பார்க்க வந்த எல்லோருக்கும் கதை தெரியும். ஓவியர் யாருக்கும் புதிதாகக் கதை சொல்லவில்லை, தெரிந்த கதையை நினைவூட்டினார். நமக்குத்தான் தெரியாது.

பெரும்பாலான கதைகள் ஒரே நூலில் கிடைக்கும். டொமினிக்கன் சபைத் துறவி யாகோபுஸ் தெ வொராஜினே 1260களை ஒட்டித் தொகுத்த 'லெஜெண்டா ஔரேயா'. இவர்தான் பின்னாளில் ஜெனோவாவின் பேராயர். லத்தீனில் 'லெஜெண்டா' என்றால் படிக்க வேண்டியது என்று பொருள். புனிதரின் திருநாளன்று வாசிக்க வேண்டியது என்பதால் அந்தப் பெயர். கட்டுக்கதை என்ற அர்த்தமெல்லாம் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. நூலும் திருநாள் வரிசையில்தான் இருக்கிறது. லத்தீனில் மட்டும் ஏறக்குறைய ஆயிரம் கையெழுத்துப் படிகள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன என்றால், அன்று எத்தனை இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அதில் ஜார்ஜின் கதை இப்படிப் போகிறது. லிபியாவில் சிலேனா என்றொரு ஊர். பக்கத்து ஏரியில் ஒரு டிராகன். அதன் மூச்சுக்காற்றே விஷம். ஊரார் தினம் இரண்டு ஆடு கொடுத்துச் சமாளித்தார்கள். ஆடு குறைந்ததும் ஒரு ஆடு, ஒரு மனிதர். சீட்டுக் குலுக்கியதில் ஒருநாள் அரசன் மகள் பெயர் வந்தது. அவள் ஏரிக்கரையில் காத்திருந்தபோது குதிரையில் வந்தவர் ஜார்ஜ். ஈட்டியால் குத்தி வீழ்த்தினார், கொல்லவில்லை. "உன் இடுப்புக் கச்சையை அதன் கழுத்தில் போடு" என்றார். நாய்க்குட்டி மாதிரி அது அவள் பின்னால் ஊருக்குள் வந்தது. ஊரார் அலறினார்கள். ஞானஸ்நானம் பெற்றால் கொன்றுவிடுகிறேன் என்றார் ஜார்ஜ். பெண்களையும் குழந்தைகளையும் சேர்க்காமல் இருபதாயிரம் பேர் அன்று ஞானஸ்நானம் பெற்றார்களாம். டிராகனின் உடலை ஊருக்கு வெளியே இழுத்துப் போட நான்கு ஜோடி மாடு தேவைப்பட்டதாம்.

நமக்குத் தெரிந்த ஜார்ஜ் இதோடு முடிந்துவிடுகிறார். ஆனால் கதையின் இரண்டாம் பாதி வேறு மாதிரி. தாசியன் என்ற அதிகாரி கிறிஸ்தவர்களைத் துன்புறுத்துகிறான். ஜார்ஜ் அவன் முன்னால் போய் நிற்கிறார். மந்திரவாதி கொடுத்த விஷம், வாள் பதித்த சக்கரம், உருக்கிய ஈயம் நிறைந்த கொப்பரை என்று ஒவ்வொன்றிலிருந்தும் தப்பி, கடைசியில் தலை வெட்டப்பட்டு மறைசாட்சியாகிறார், அதாவது விசுவாசத்துக்காக உயிரைக் கொடுக்கிறார். இரண்டு பாதியில் இதுதான் பழையது. டிராகன் பல நூற்றாண்டுகள் கழித்து வந்து சேர்ந்த சரக்கு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்தாம் படியில் தேவைப்படும்.

இரண்டாம் படி: படம் எங்கே இருந்தது என்று கேளுங்கள்

அருங்காட்சியகச் சுவரில் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். ஆலயத்தில் அவை நின்ற இடங்கள் வேறு வேறு. இடத்தைப் பொறுத்து வடிவமும் மாறும், பார்த்தவர்களும் மாறுவார்கள்.

பழைய வகை முன்பலகை. பலிபீடம் என்பது ஒரு மேசை, அதன் முன்பக்கத்தை மூடும் பலகை இது. உயரம் குறைவு, அகலம் அதிகம். பார்சலோனாவின் கட்டலோனியத் தேசியக் கலை அருங்காட்சியகத்தில் இவை நிறைய உண்டு. 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த துர்ரோ ஊர்ப் பலகையைத் தேடிப் பாருங்கள். நடுவில் தாய் யூலித்தா, மடியில் குயிர்க்கு என்ற குழந்தை. சுற்றிலும் கொப்பரையில் வேகவைப்பது, ரம்பத்தால் அறுப்பது என்று நான்கு சித்திரவதைகள். இருவர் முகத்திலும் ஒரு சலனம் கிடையாது. பார்க்கிற நமக்குத்தான் வயிற்றைக் கலக்கும்.

அப்புறம் மேசைக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் பின்பலகை. 13ஆம் நூற்றாண்டிலிருந்து இது பெருகியது. குருவானவர் மக்களுக்கு முதுகு காட்டிப் பீடத்தைப் பார்த்து நின்று திருப்பலி நிறைவேற்றினார். அப்பத்தைத் தலைக்கு மேல் உயர்த்திக் காட்டும் வழக்கமும் அப்போது பரவியிருந்தது. உயர்த்திய அப்பத்துக்குப் பின்புலமாக நின்றது இந்தப் படம்தான். 1310இல் ட்ரியர் நகரில் கூடிய ஆயர் மன்றம், ஒவ்வொரு பீடமும் எந்தப் புனிதருக்கு உரியது என்பதைப் படமோ சிலையோ எழுத்தோ வைத்துக் காட்ட வேண்டும் என்றே விதித்தது. அதாவது படம் ஒருவகையில் பெயர்ப்பலகை.

ஸ்பெயினில் இந்தப் பின்பலகை வளர்ந்து வளர்ந்து கூரையைத் தொட்டது. வலென்சியாவின் ஜார்ஜ் அந்த ரகம். வடக்கே ஜெர்மன், பால்டிக் பகுதிகளில் அதற்குக் கதவு வைத்தார்கள். எஸ்தோனியத் தலைநகர் தாலினில், புனித நிக்கோலாஸ் ஆலயத்தின் பெரிய பீடம் இதற்கு நல்ல உதாரணம். லூபெக் நகர ஓவியர் ஹெர்மன் ரோடெ 1478 முதல் 1481 வரை செய்து கப்பலில் அனுப்பியது. இரட்டைக் கதவு. ஒரு முறை திறந்தால் 16 காட்சிகள்: எட்டு நிக்கோலாஸின் கதை, எட்டு மார்சேய் நகரப் புனித விக்டரின் கதை. இன்னொரு முறை திறந்தால் மரச் சிற்பங்கள். இப்படிப்பட்ட பீடங்கள் சாதாரண நாளில் மூடியே இருக்கும். பெரிய திருநாளில்தான் முழுக்கத் திறப்பார்கள். கதவு உள்ள படத்தைப் பார்த்தால், இப்போது எந்த நிலையில் திறந்து வைத்திருக்கிறார்கள் என்று முதலில் கவனியுங்கள்.

இரண்டு பக்கமும் வரைந்தவையும் உண்டு. சியெனா ஓவியர் சாசெத்தா, போர்கோ சான் செபோல்க்ரோ ஊர் பிரான்சிஸ்கன் ஆலயத்துக்காக 1437 முதல் 1444 வரை செய்த பீடப் படத்தில், முன்பக்கம் மாதா மக்களைப் பார்த்திருந்தார். பின்பக்கத்தில் பிரான்சிஸின் வாழ்க்கைக் காட்சிகள். அங்கே உட்கார்ந்து செபித்தவர்கள் துறவிகள். தங்கள் சபையைத் தொடங்கியவரின் கதை தங்களுக்கென்றே தனியாக.

மூன்றாம் படி: நடுவில் இருப்பவர் யார்?

நடுவில் பெரிதாக இருப்பவர்தான் கதாநாயகர். அவர் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சக்கரம் என்றால் கத்தரீன். இரும்புக் கட்டில் போன்ற வாட்டுச் சட்டம் என்றால் லாரன்ஸ். தட்டில் இரண்டு கண் என்றால் லூசியா. குறடில் பிடித்த பல் என்றால் அப்பொலோனியா. மூன்று தங்க உருண்டைகள் வைத்திருக்கும் ஆயர் என்றால் நிக்கோலாஸ். உடம்பெல்லாம் அம்பு என்றால் செபஸ்தியார், அவரை நம் ஊரில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மயிலாப்பூரோடு சேர்த்துப் பேசப்படும் தோமாவுக்கு ஈட்டி அல்லது தச்சர் மூலைமட்டம். இந்திய அரசனுக்கு மாளிகை கட்டித்தர வந்தவர் என்ற கதையிலிருந்து வந்தது அந்த மூலைமட்டம்.

ஒரே இடத்தில்தான் பலரும் தடுக்கி விழுவார்கள், டிராகனில். டிராகன் தெரிந்தாலே ஜார்ஜ் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இறக்கை இருந்தால், கூடவே தராசும் இருந்தால் அதிதூதர் மிக்கேல். டிராகனின் முதுகைப் பிளந்துகொண்டு வெளியே வரும் பெண் என்றால் மார்கரெத். குதிரை, வெள்ளைத் துணியில் சிவப்புச் சிலுவை, பக்கத்தில் கிரீடம் வைத்த பெண் இருந்தால் ஜார்ஜ்.

நான்காம் படி: கதை எந்த வழியாக ஓடுகிறது?

இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்று நினைத்துக்கொண்டு போனால் பாதிப் படங்களில் வழி தவறும். நார்வேயின் ட்ரொண்ட்ஹெய்ம் பேராலயத்தில் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தைச் சேர்ந்த புனித ஓலாவ் முன்பலகை ஒன்று உண்டு. 1030இல் ஸ்டிக்லஸ்டாட் போரில் மாண்ட அரசர் ஓலாவ் நடுவில் கோடரியோடு நிற்க, நான்கு மூலையிலும் நான்கு காட்சிகள். தொடக்கம் இடப்பக்கக் கீழ்மூலையில்: நாளைய போரில் சாகப்போகும் எதிரிகளின் ஆன்மாவுக்காகப் பூசை வைக்கச் சொல்லிப் பணம் கொடுக்கிறார். அதற்கு மேலே அவர் காணும் கனவு. வலப்பக்கம் மேலே போர்க்களத்தில் மரணம். கீழே இறங்கினால் அவருடைய உடல் எச்சங்களை வைத்த திருப்பண்டப் பேழைக்கு வணக்கம். கடிகார முள் போலச் சுற்றி வருகிறது கதை. கடைசிக் காட்சி, படம் பார்க்கும் பக்தர்கள் செய்யும் வேலையையே காட்டுவதைக் கவனியுங்கள். இந்தப் பலகை டென்மார்க்குக்குப் போய், 1930இல்தான் ஊர் திரும்பியது. அது தனிக் கதை.

வேறு சில படங்களில் காலவரிசையே கிடையாது. இத்தாலியின் பெஷா ஊரில் பொனவெந்தூரா பெர்லிங்கியேரி 1235இல் வரைந்த பிரான்சிஸ் படத்தைப் பாருங்கள். பிரான்சிஸ் இறந்து ஒன்பது வருடம்தான் ஆகியிருந்தது. இடப்பக்கம் மேலே ஐந்து காய வரம், அதாவது கிறிஸ்துவின் ஐந்து காயங்களைத் தன் உடம்பில் பெறும் காட்சி. அதற்குக் கீழே பறவைகளுக்குப் பிரசங்கம். வாழ்க்கையில் பறவைகள் முன்னால், காயங்கள் பின்னால். படத்தில் தலைகீழ். ஏன் என்றால் எது பெரிது என்பதுதான் அங்கே வரிசை. மீதி நான்கும் அவர் இறந்த பிறகு நடந்த புதுமைகள், அதாவது அற்புதங்கள்: கழுத்து திருகிய பெண் குழந்தை, நடக்க முடியாதவர்கள், பேய் பிடித்தவர்கள்.

ஸ்பெயின் பீடங்களில் குழம்பினால் எளிய வழி ஒன்று உண்டு. தலை வெட்டும் காட்சியைத் தேடுங்கள், மறைசாட்சியின் கதை அங்கேதான் முடியும். பிறகு அவர் சும்மா நிற்கிற, யாரும் தொந்தரவு செய்யாத காட்சியைத் தேடுங்கள். அது தொடக்கத்தின் பக்கம் இருக்கும். இரண்டுக்கும் இடையில் வழி தானாகத் திறக்கும். கீழே ஓரமாக ஓடும் அடிப்பட்டையை இதில் சேர்க்காதீர்கள். அதற்குப் பிரெடெல்லா என்று பெயர், அதில் தனிக் கதை இருக்கலாம். வலென்சியாப் படத்தில் அங்கே கிறிஸ்துவின் பாடுகள் இருக்கின்றன.

கட்டத்துக்குள்ளும் ஒரு வழி உண்டு. ஒரே ஆள் ஒரே கட்டத்தில் பல தடவை வருவார். புளோரன்ஸ் உஃபிட்சி அருங்காட்சியகத்தில் அம்ப்ரோஜியோ லொரென்செத்தி 1330களின் தொடக்கத்தில் வரைந்த நிக்கோலாஸ் கதைகள் நான்கு உண்டு. அதில் ஒன்றை நிதானமாகப் பார்த்தால் போதும், மற்ற எல்லாவற்றையும் பார்க்கப் பழகிவிடும். ஒரு வீடு, முன்சுவர் இல்லாமல் உள்ளே தெரிகிறது. மாடியில் நிக்கோலாஸ் திருநாள் விருந்து. வாசலில் யாத்ரீகன் வேடத்தில் பிச்சை கேட்டு நிற்கிறது பிசாசு. வீட்டுப் பையன் பிச்சையோடு படியில் வருகிறான். படிக்கட்டின் அடியில் அதே பையனின் கழுத்தை பிசாசு நெரிக்கிறது. கீழ் அறையில் அதே பையன் கட்டிலில் பிணமாகக் கிடக்கிறான். அதே கட்டிலில் எழுந்து உட்காருகிறான். ஜன்னல் வழியாக நிக்கோலாஸிடமிருந்து ஒளிக்கதிர் வருகிறது. உடையின் நிறத்தைப் பிடித்துக்கொண்டு பையனைத் தேடுங்கள். நான்கு முறையாவது அகப்படுவான். ஓவியர் நம் கண்ணை மாடியிலிருந்து படி வழியாக இறக்கி அறைக்குள் கொண்டுபோகிறார். வீட்டின் அமைப்பே கதையின் வரிசை. முதல் தடவை இதைப் பார்த்தபோது, யாரோ ஐந்து குழந்தைகளின் கதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் ஒத்துக்கொண்டு விடுகிறேன்.

ஐந்தாம் படி: எந்தக் காட்சிக்கு எவ்வளவு இடம்?

இதுவரை சொன்னதெல்லாம் வழி தெரிவதற்கு. இங்கேதான் படம் வாய் திறக்கும். ஒரு புனிதருக்கு முப்பது புதுமைகள் சொல்லப்பட்டிருக்கும். பலகையில் ஆறுக்குத்தான் இடம். எந்த ஆறு என்று முடிவு செய்தது கதையை எழுதியவர் கிடையாது, காசு கொடுத்தவர்கள். அவர்களுக்கு என்ன பயம், என்ன பெருமை, என்ன வேண்டுதல் என்பதெல்லாம் அந்தத் தேர்வில் இருக்கிறது.

முதலில் சியெனா. ஆசீர்வதிக்கப்பட்ட அகுஸ்தினோ நொவெல்லோவுக்கு சிமோனே மர்த்தினி 1320களில் வரைந்த படம், இப்போது அங்குள்ள பினகோத்தேகா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அகுஸ்தினோ 1309இல் இறந்த அகுஸ்தீனார் சபைத் துறவி. படம் அவர் கல்லறையோடு சேர்ந்தது. பிரான்சிஸ்கன், டொமினிக்கன் சபைகளுக்குப் புகழ்பெற்ற புதுப் புனிதர்கள் இருந்தார்கள். அகுஸ்தீனார் சபைக்கு அப்படி ஒருவர் தேவைப்பட்டார். அகுஸ்தினோவுக்குப் புனிதர் பட்டம் கிடைக்கவில்லை. அதற்கு ஒரு படி கீழான ஆசீர்வதிக்கப்பட்டவர் என்பதைக்கூட ரோமாபுரி 1759இல்தான் உறுதி செய்தது. இருந்தாலும் படத்தில் அவர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டத்தை வைத்துவிட்டார் சிமோனே.

சரி, காட்சிகள் என்னென்ன? ஓநாய் போன்ற ஒரு மிருகம் தெருவில் குழந்தையைக் கடித்துக் குதறுகிறது. மாடி முகப்பின் பலகை உடைந்து இன்னொரு குழந்தை தலைகீழாக விழுகிறது. தூளிக் கயிறு அறுந்து கைக்குழந்தை கீழே விழுகிறது. நான்காவதில் மட்டும் பெரியவர், குதிரையோடு பள்ளத்தில் விழுந்த வீரர். நான்கில் மூன்று குழந்தை விபத்து. பிசாசு இல்லை, கொடுங்கோல் அரசன் இல்லை. மாடி வீடும் குறுகலான சந்தும் நிறைந்த ஊரில் பிள்ளை வளர்த்தவர்களின் அன்றாடப் பயம்தான் இருக்கிறது. மாடிக் காட்சியில் அகுஸ்தினோ வானத்திலிருந்து குப்புறப் பறந்து வந்து, விழும் பலகையைப் பிடித்துவிடுகிறார். அதற்குள் கீழே அதே குழந்தை அடிபடாமல் எழுந்து நிற்கிறது. யார் வந்து இந்தக் கல்லறை முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள் என்று படமே சொல்லிவிடுகிறது.

இப்போது வலென்சியாவுக்கு வாருங்கள். இந்தப் பீடம் சென்டெனார் தெ லா ப்ளோமா என்ற நகரப் படைக்காகச் செய்யப்பட்டது என்பது பொதுவான கருத்து. 1365இல் அரசர் நான்காம் பேத்ரோ ஏற்படுத்திய, நூறு குறுக்குவில் வீரர்களின் படை அது. காவல் புனிதர் ஜார்ஜ். ஓவியம் மர்சல் தெ சாஸ் என்ற, ஜெர்மானிய வட்டாரத்திலிருந்து வலென்சியாவுக்கு வந்து வேலை செய்த ஓவியரின் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது.

நடுப் பத்தியைப் பாருங்கள். டிராகன் சண்டை இருக்கிறது, எதிர்பார்த்ததுதான். மாதா இருக்கிறார். ஆனால் கண்ணை இழுப்பது ஒரு போர்க்களம். குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று மோத, ஆட்கள் நசுங்க, மூச்சு விட இடமில்லாத நெரிசல். இது 1237இல் நடந்த எல் புச் போர். வலென்சியா அப்போது முஸ்லிம் ஆட்சியில் இருந்தது. அரகோன் அரசர் முதலாம் ஜைமேயின் படை இந்தப் போரில் வென்றதால்தான் அடுத்த ஆண்டு நகரம் அவர் கைக்கு வந்தது. படத்தில் அரசரும் போரிடுகிறார், கூடவே ஜார்ஜும். உண்மையில் அன்று அரசர் களத்திலேயே இல்லை. படையை நடத்தியவர் பெர்னாத் கியெம் தெந்தென்சா. 'லெஜெண்டா ஔரேயா'வின் ஜார்ஜ் கதையிலும் இந்தப் போர் கிடையாது. ஒரு நகரப் படை, தங்கள் ஊர் பிறந்த கதையைப் புனிதரின் கதைக்குள் சொருகியிருக்கிறது, அதுவும் நட்டநடுவில். அந்தப் போரில் தோற்றவர்களின் சந்ததியினர் படம் வரைந்த காலத்திலும் அந்த நாட்டில் வாழ்ந்துகொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்து நினைத்தால், தங்கம் அவ்வளவு அழகாகத் தெரியாது.

பக்கவாட்டுப் பத்திகளில் சித்திரவதைகள். மேசையில் ஆணி அடித்து அறைவது, கொப்பரையில் வேகவைப்பது, விஷம் குடிக்கவைப்பது, தெருவில் இழுத்துப்போவது. ஒன்றில் ஜார்ஜை நட்டுக்குத்தாக ரம்பத்தால் இரண்டாக அறுக்கிறார்கள். அவர் கைகூப்பிய நிலை மாறவில்லை. பழைய மறைசாட்சிக் கதைகளில் ஜார்ஜ் மூன்று முறை செத்து மூன்று முறை உயிர்த்தெழுவார். ரம்பம் அந்தப் பழைய சரக்கு. எதிரியின் அம்புக்கு முன்னால் நிற்க வேண்டிய ஆட்களுக்கு, அறுத்தாலும் சாகாத ஒருவர் தேவைப்பட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒப்பிட்டுப் பார்க்க பெர்னாத் மார்த்தொரெலின் ஜார்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். பார்சலோனாவில் 1434ஐ ஒட்டி வரைந்தது. நடுப் பலகை இப்போது சிகாகோ ஆர்ட் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கிறது. ஜார்ஜ், வெள்ளைக் குதிரை, டிராகன், கிரீடம் வைத்த இளவரசி, அவள் பக்கத்தில் ஒரு ஆடு. தரையில் தின்று போட்ட எலும்பும் மண்டையோடும். கோட்டைச் சுவரில் பெற்றோரும் ஊராரும் எட்டிப் பார்க்கிறார்கள். விசாரணையும் சித்திரவதையும் நான்கு சிறு பலகைகளில் அடங்கிவிடுகின்றன. அந்த நான்கும் பாரிஸ் லூவ்ரில் இருக்கின்றன. அதே புனிதர், அதே நாடு, இடைவெளி சில பத்து வருடங்கள். ஒன்றில் போரும் வதையும், இன்னொன்றில் அரசவைக் கதை போன்ற ஓர் அழகு.

ஆறாம் படி: உடை, ஊர்

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாம் நூற்றாண்டு ரோமாபுரி வீரன் 15ஆம் நூற்றாண்டுக் கவசம் போட்டிருப்பான். ஓவியருக்கு வரலாறு தெரியவில்லை என்று சிரித்துவிட்டுப் போகாதீர்கள், இது நம் தெருவில் நடந்ததுபோல இருக்க வேண்டும் என்பதே நோக்கம். தாலின் பீடத்தில் விக்டரின் தலையை வெட்டும் காட்சிக்குப் பின்னால் தெரியும் ஊர் லூபெக். ஓவியரின் சொந்த ஊர். மார்சேய் எங்கே, லூபெக் எங்கே! ஊர் தெரிந்தால் ஓவியம் எங்கிருந்து வந்தது என்பதற்கு அதுவே துப்பு.

ஏழாம் படி: பக்கவாட்டில் நகர்ந்து நின்று பாருங்கள்

நேராக நின்றால் தங்கம் தட்டையாகத் தெரியும். இரண்டு அடி இடப்பக்கம் போய்க் குனிந்து பாருங்கள். ஒளிவட்டத்தில் ஊசி முனையால் குத்திய கோலங்கள் மினுங்கும். மார்த்தொரெலின் ஜார்ஜுக்குக் கவசமும் ஒளிவட்டமும் புடைத்தே நிற்கும். மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்காகச் செய்தவை இவை. சுடர் அசைந்தால் தங்கமும் அசையும்.

செய்முறை சுருக்கமாக. இத்தாலியில் பாப்லர் மரம், ஸ்பெயினில் பைன், வடக்கே ஓக். பலகையின் வகையே படம் எந்தப் பக்கத்துச் சரக்கு என்று காட்டிக்கொடுக்கும். மரத்தின் மேல் வச்சிரப் பசையில் குழைத்த ஜிப்சம் மாவு, வடக்கில் சுண்ணக்கட்டி மாவு, பல பூச்சு. தங்கம் வர வேண்டிய இடத்தில் செங்களிமண். அதன் மேல் தங்க ரேக்கு. பிறகு நாய்ப்பல்லோ வழவழப்பான கல்லோ கொண்டு தேய்த்து மெருகு. தங்கம் தேய்ந்த இடத்தில் சிவப்பாக எட்டிப் பார்ப்பது அந்தக் களிமண்தான், ரத்தம் என்று நினைத்துவிடாதீர்கள். நிறங்களைக் குழைப்பது முட்டை மஞ்சள்கருவில். 1400ஐ ஒட்டி எழுதிய சென்னினோ சென்னினி, இளம் முகங்களுக்கு நகரத்துக் கோழியின் வெளிறிய மஞ்சள்கரு, வயதான, கறுத்த முகங்களுக்கு நாட்டுப்புறக் கோழியின் சிவந்த கரு என்று பிரித்தே சொல்கிறார். பழைய இத்தாலியப் படங்களில் முகம் பச்சையாகத் தெரிந்தால் அது நோய் இல்லை. தோல் நிறத்துக்கு அடியில் பூசிய பச்சை மண், மேல் பூச்சு தேய்ந்ததால் வெளியே வந்திருக்கிறது. ஆழ்ந்த நீலம் தெரிந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். அது ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலையிலிருந்து வந்த லாபிஸ் லாசுலியாக இருந்தால், வாடிக்கையாளர் மடியை அவிழ்த்திருக்கிறார் என்று அர்த்தம்.

எட்டாம் படி: இல்லாததைத் தேடுங்கள்

அருங்காட்சியகங்களில் நாம் பார்ப்பவற்றில் ஏராளமானவை உடைந்த துண்டுகள். மார்த்தொரெலின் ஜார்ஜுக்கு உடம்பு சிகாகோவில், கை கால் பாரிஸில் என்று பார்த்தோம். சாசெத்தாவின் பிரான்சிஸ் காட்சிகள் எட்டில் ஏழு லண்டன் தேசியக் காட்சியகத்தில் இருக்கின்றன, எட்டாவது பிரான்சின் ஷாந்தியி மாளிகையில். ஆலயங்கள் மூடப்பட்டன, வியாபாரிகள் ரம்பத்தோடு வந்தார்கள். சின்னக் காட்சிகளைத் தனித்தனியாக விற்றால் லாபம். ஒரு சின்னப் பலகை தனியாகத் தொங்கினால், விளக்கக் குறிப்பில் எந்தப் பீடத்திலிருந்து வந்தது, மற்றவை எங்கே என்று தேடுங்கள். ஓரத்தில் அறுத்த அடையாளம், பாதியில் நிற்கும் தங்கப் பட்டை, சட்டத்துக்குள் பாதி மறையும் ஆள் எல்லாம் துப்பு.

வலென்சியாவின் ஜார்ஜ் கிட்டத்தட்ட முழுசாக வந்தது அதிர்ஷ்டம். அருங்காட்சியகம் 1864இல் அதை வாங்கியது. தாலின் பீடத்தின் கதை இன்னும் சுவாரசியம். 1524இல் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக் கூட்டம் ஊரின் ஆலயங்களுக்குள் புகுந்து படங்களை உடைத்தபோது, நிக்கோலாஸ் ஆலயப் பொறுப்பாளர் கதவுப் பூட்டுகளில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றிவிட்டாராம். கூட்டத்தால் உள்ளே நுழைய முடியவில்லை.

கடைசியாக, படத்தின் கீழ்ப்பகுதிக்கு வாருங்கள். பல பலகைகளில் அங்கே மெழுகுவர்த்தி சுட்ட கரும்புள்ளிகள் இருக்கும். சித்திரவதைக் காட்சிகளில் புனிதரின் முகம் அப்படியே இருக்க, பக்கத்தில் சாட்டை பிடித்தவன், வாளை ஓங்குபவன், பிசாசு ஆகியோரின் கண்கள் மட்டும் கீறி எடுக்கப்பட்டிருக்கும். பூச்சி அரித்ததோ பழசானதோ இல்லை, கோபம் வந்த பக்தர்களின் விரல் நகமும் கத்தி முனையும். அப்படி ஒன்று அகப்பட்டால், கீறல் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கவனியுங்கள்: நின்றவரின் கை எட்டும் உயரத்திலா, முழந்தாளிட்டவரின் கை எட்டும் உயரத்திலா என்று.